மாற்றத்துக்கான காரணம்

பதினொன்று அடிக்க இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது, அதற்குள்ளேயே கணினியில் அமைப்புக் கோப்பைத் திறந்து வைத்துவிட்டேன், திறந்ததுதான் மிச்சம், கை இரண்டும் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டன. பதினொன்றிலிருந்து பதினொன்று நாற்பது வரைக்கும் செய்தி சர்வரை நிறுத்திவைக்கலாம் என்று எழுத்தில் அனுமதி வாங்கியிருக்கிறேன். செய்ய வேண்டியது ஒரே ஒரு வரி. கிளையன்ட் என்று இருக்கிற இடத்தில் சர்வர் என்று அடிக்க வேண்டும், நினைவகம் அறுபத்து நான்கு எம்பி என்று இருக்கிற இடத்தில் ஆயிரத்து இருபத்து நான்கு. பள்ளிக்கூடத்துப் பிள்ளை அரை நிமிடத்தில் அடித்துவிடும். எனக்கு மட்டும் விரல் நுனி ஜில்லென்று இருக்கிறது, ஏசி காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம், பத்து வருடமாக இதே ஏசிதான், இதே கொம்படி அணை வெள்ள எச்சரிக்கை அறைதான், இதே கலாமணிதான். அணையில் மதகைத் தூக்குவதற்கு முன்னால் ஆற்றோர ஊர்களில் இருக்கிற பதினோராயிரத்துச் சொச்சம் செல்போன்களுக்கு 'தண்ணீர் திறக்கப்படுகிறது, மேடான இடத்துக்குச் செல்லவும்' என்று செய்தி போக வேண்டும், அது போகிறதா என்று பார்ப்பது என் வேலை. வேலை என்றால் அவ்வளவுதான். போகிறதா, போயிற்றா. வாசலுக்கு வெளியே பெஞ்சில் பாவாயி அக்கா உட்கார்ந்திருக்கிறார். திங்கட்கிழமை, மனு நாள். கண்ணாடிக் கதவில் அவர் முதுகு மட்டும் தெரிகிறது, முதுகு போதும்.

கையேட்டைத் தமிழில் போட்ட புண்ணியவான் விர்ச்சுவல் மெஷின் என்பதற்கு மெய்நிகர் எந்திரம் என்று எழுதியிருக்கிறார். மெய்க்கு நிகர். மெய் மாதிரியே இருக்கும், மெய் இல்லை. நிஜக் கணினிக்குள்ளே ஓடுகிற இன்னொரு கணினி அது, நம் செய்தி சர்வர் அதன் வயிற்றுக்குள்தான் பிழைக்கிறது. அதற்கு இரண்டு முறை உண்டு, எந்த முறையில் எழ வேண்டும் என்று நாம்தான் முதல் வரியில் சொல்லிவைக்க வேண்டும். கிளையன்ட் முறை என்றால் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும், கொஞ்சம் நினைவகம் போதும், பாரம் மட்டும் தாங்காது. சர்வர் முறை என்றால் சோம்பல் முறித்து முகம் கழுவி வர முக்கால் நிமிடம் ஆகும், வந்துவிட்டால் ஊருக்கே பந்தி போடும். துரைசாமி சார், எங்கள் உதவி செயற்பொறியாளர், இதைக் கேட்ட நாளிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் "என்னுங் கலாமணி, சர்வர் எந்திரிச்சுட்டாருங்ளா, ரெண்டு காப்பி சொல்லோணும்" என்பார். நான் சிரிப்பேன். போன வருடம் ஐப்பசி பதினெட்டுக்கு அப்புறம் அவர் அந்தக் கிண்டலைச் சொல்லவில்லை. காரணம் அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும், இப்படியே எட்டு மாதம் காப்பி குடித்திருக்கிறோம்.

ஐப்பசி பதினெட்டு. காலை ஆறு பத்துக்குச் செய்தியை ஏற்றினேன், ஆறே முக்காலுக்கு மதகு. திரையில் ஏற்கப்பட்டது என்று பச்சையாக வந்தது. ஏற்கப்பட்டது வேறு, அனுப்பப்பட்டது வேறு, இது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் முதல் நாளே தெரியும், எனக்கும் தெரியும், ஆனால் பச்சையைப் பார்த்ததும் எழுந்துபோய் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டேன். இனிப்பு கூடுதலாக இருந்தது. அந்த இனிப்பு நினைவிருக்கிறது, அந்த நேரத்தில் உள்ளே என்ன நடந்தது என்பது பிற்பாடு பதிவேட்டில் பார்த்ததுதான். முதல் தொள்ளாயிரம் எண்களுக்கு நொடியில் போய்விட்டது. அதற்கு மேல் நினைவகம் நிரம்பிவிட்டது. நிரம்பினால் அந்த மெய்நிகர் எந்திரம் கைவேலையை எல்லாம் அப்படியே போட்டுவிட்டு உள்ளே முடிந்துபோன வேலைகளின் குப்பையை அள்ள ஆரம்பிக்கும், கொஞ்சம் அள்ளும், ரெண்டு செய்தி அனுப்பும், மறுபடியும் நிரம்பும், மறுபடியும் அள்ளும். விருந்தாளி வாசலில் நிற்கும்போது வீடு கூட்டிக்கொண்டிருப்பவளைப் போல. பத்தாயிரம் பேர் வாசலில் நின்றார்கள். முதல் தொள்ளாயிரம் யார் என்றால் அதிகாரிகள், தாசில்தார், ஊராட்சித் தலைவர்கள், பத்திரிகைக்காரர்கள், பட்டியலில் பெரிய மனிதர்களை மேலே போடச் சொல்லி உத்தரவு. அதனால்தான் விசாரணையில் ஒவ்வொருவரும் போனை எடுத்துக் காட்டினார்கள், எங்களுக்கு ஆறு பதினொன்றுக்கே வந்துவிட்டதே என்று. அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. பாவாயி அக்காவின் வீட்டுக்காரர் ராக்கியப்பனின் எண் ஏழாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டாவது. அவருக்குப் போனது ஏழு ஒன்றுக்கு. ஆறரைக்கே அவர் ஆற்றுக்குள் இறங்கியிருந்தார், படுகையில் வைத்திருந்த தண்ணீர் மோட்டாரைக் கரைக்கு ஏற்ற. மறுநாள் மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கிடைத்தார். மோட்டார் அங்கேயே இருந்தது.

பதினொன்று ஐந்து. சர்வரை நிறுத்தினேன், திரையில் நின்றுவிட்டது என்று ஒரு சொல், நெஞ்சில் ஒரு கணம் இருட்டு, இந்த நிமிடத்தில் மழை கொட்டினால்? ஆடி மாதம், வானம் வெள்ளையாகக் கிடக்கிறது, மழையாவது கிழையாவது. சரி, கிளையன்ட் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கர்சர் துடிக்கிறது. இந்தச் சொல்லை அடித்ததும் இதே விரல்தான். மூன்று வருடத்துக்கு முன்னால், திறப்பு விழாவுக்கு. பந்தல், நாதஸ்வரம், குத்துவிளக்கு, எல்லாம் சரி, வேறு ஊரில் என்றால் ஏற்கனவே ஓடுகிற எந்திரத்துக்கு முன்னால் ரிப்பன் வெட்டிவிட்டுப் போவார்கள். நமக்கு அது ஆகாது, சிஸ்டத்தையே அமைச்சர் அய்யா கையால் தொடங்கிவைக்க வேண்டும், அய்யா பட்டனை அழுத்தினால்தான் எந்திரம் பிறக்க வேண்டும். ஒத்திகையில் சர்வர் முறையில் போட்டிருந்தேன், முறையாகத்தான் போட்டிருந்தேன், அதைச் சொல்லியே ஆக வேண்டும். பட்டனை அழுத்தி நாற்பத்தெட்டு நொடி கழித்து எழுந்தது. துரைசாமி சாருக்கு வியர்த்துவிட்டது. "நாப்பத்தெட்டு நொடி அய்யா கையைத் தூக்கிட்டு நிக்கறதாங்க? பட்டனை அமுக்குனதும் அவரு பாக்கெட்டுல போன் மணி அடிக்கோணும், பாத்துக்குங்க" என்றார். நான் கிளையன்ட் என்று மாற்றினேன். நினைவகத்தைக் குறித்து ஒன்றும் எழுதவில்லை, எழுதாவிட்டால் அந்தப் பழைய கணினியில் அதுவாகவே அறுபத்து நான்கு எடுத்துக்கொள்ளும், பிற்பாடு தணிக்கைக்கு வந்தவர்தான் அந்த எண்ணை வரியில் சேர்த்து எழுதிவைத்தார். அய்யா அழுத்தினார், நான்கு நொடியில் பாக்கெட்டில் மணி அடித்தது, கைதட்டல், எனக்கு ஒரு பொன்னாடை. ஊதாக் கலர். வீட்டில் அதை யாரும் போர்த்திக்கொள்ளவில்லை, மிக்சியை மூடிவைத்திருக்கிறோம்.

மறுநாள் மாற்றிவிடலாம் என்று இருந்தேன். மறுநாள் தங்கை மகளுக்குச் சீர், மூன்று நாள் விடுப்பு, வந்து பார்த்தால் எல்லாம் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அப்போது முந்நூறு எண்தான். ஓடுகிற வண்டியை எதற்கு நிறுத்த வேண்டும். பிறகு மறந்துவிட்டேன். இந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் காலில் முள் தைக்கிறது. மறந்துவிட்டேன் என்று எட்டு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், அது உண்மை இல்லை. இரண்டு தடவை ஞாபகம் வந்தது. ஒரு தடவை தலைக்குக் குளித்துக்கொண்டிருக்கும்போது, சீயக்காய் கண்ணில் பட்டு எரிந்துகொண்டிருக்க, அடடா அந்த வரி என்று வந்தது. ஈரத் தலையோடு வெளியே வந்தால் சோற்றுக்கு விசில் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு தடவை பஸ்சில், நின்றுகொண்டு. எண்கள் ஐயாயிரத்தைத் தாண்டிய வாரம் அது. இன்று போய் முதல் வேலையாக மாற்றிவிட வேண்டும் என்று நினைத்தேன், நினைத்த கையோடு ஒரு பெண் இறங்கினாள், உட்கார இடம் கிடைத்தது, உட்கார்ந்தேன், தூங்கிவிட்டேன். முழுசாக மறந்தவளுக்கு மன்னிப்பு உண்டு. இரண்டு தடவை நினைத்தவளை என்ன செய்வது? எந்திரத்துக்காவது நிரம்பினால் அள்ளிக் கொட்டத் தெரிகிறது. எனக்கு இந்த இரண்டும் போகவே மாட்டேன் என்கின்றன.

விசாரணை அறிக்கை இரண்டு பக்கம். 'எச்சரிக்கைச் செய்தி காலை 6.10 மணிக்கு உரிய முறையில் அனுப்பப்பட்டது.' அதுவும் ஒரு மெய்நிகர். அதைத் தட்டச்சு செய்தது நான் இல்லை, ஆனால் ஏற்கப்பட்ட நேரத்தை எடுத்துக் கொடுத்தது நான். அனுப்பப்பட்ட நேரத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன், கேட்காததற்கு எதற்கு வாயைத் திறப்பது. ஆனால் அந்த ஒரு வரி ஊருக்குள் போய் வேறு வேலை செய்துவிட்டது. செய்தி ஆறு பத்துக்கே வந்திருக்கிறது, அப்படியும் இறங்கினான் என்றால்? தண்ணியைப் போட்டிருப்பான். விடியக்காலையிலேயே போட்டிருப்பான். திமிர். மோட்டார் மேலே இருந்த அக்கறை உயிர் மேலே இல்லை. பாவாயி அக்கா ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரே மனுவைக் கொண்டுவருகிறார், வேலை வேண்டாம், உதவி வேண்டாம், அவர் கேட்பது ஒரே கேள்வி. "செய்தி எத்தன மணிக்குங்க போச்சு? அவரு போனுல ஏழுன்னு காட்டுதாமுங், எம்பட அக்கா பையன் படிச்சுச் சொன்னான். எங்கூர்ல குடிகாரன்னு பேசறாங்க மேடம். அவரு ஆயுசுக்கும் குடிச்சதில்லீங்." டவர் கோளாறாக இருக்கும் என்று துரைசாமி சார் சொல்லி அனுப்புவார். நான் அப்போதெல்லாம் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன், முக்கியமான வேலையில் இருப்பவள் போல.

கிளையன்ட் என்ற சொல்லை அழித்தேன். ஒவ்வொரு எழுத்தாக அழிந்தது. சர்வர் என்று அடித்தேன். அறுபத்து நான்கை அழித்தேன். ஆயிரத்து இருபத்து நான்கு. முடிந்தது. மூன்று வருடமாக முடியாதது பதினொரு நொடியில் முடிந்தது. இனிமேல் மாற்றப் பதிவேடு. நீளமான நோட்டு, கட்டம் கட்டமாக: நாள், பழைய அமைப்பு, புதிய அமைப்பு, மாற்றத்துக்கான காரணம், மாற்றியவர் பெயர். முதல் மூன்றையும் நிரப்பிவிட்டேன். நான்காவது கட்டத்தில் பேனா நிற்கிறது. துரைசாமி சார் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார், வெளியே பெஞ்சைப் பார்க்காமல் வந்தார், பார்க்காமல் வருவதில் அவருக்கும் எனக்கும் நல்ல பழக்கம். "ஆச்சுங்களா?" என்றார். ஆச்சு சார், காரணம் மட்டும்தான் என்றேன். நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "நிர்வாக நலன் கருதின்னு போட்டுருங்க. அதுக்குமேல எவனும் கேக்கமாட்டான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "கலாமணி, நான் சொல்றதைக் கேளுங்க. நம்ம தலையில நாமளே எதுக்கு மண்ணை வாரிப் போட்டுக்கோணும்? பழசைக் கிளறுனா பதினேழு பி குடுப்பாங்க, உங்குளுக்கும் எனக்கும். எனக்குப் பங்குனியில ரிடையர்மென்ட். உங்குளுக்கு இன்னும் பதினாறு வருசம் சர்வீஸ் கெடக்குது. போனவன் என்ன திரும்பி வரப்போறானா?" பதினேழு பி என்றால் வேலைக்கே உலைவைக்கிற குற்றக் குறிப்பாணை. சார் கெட்டவர் இல்லை. என் மகளுக்கு டைபாய்டு வந்தபோது தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர். "மழைக்கு முன்னாடி சரி பண்ணிட்டோமல்லங்க, அதுதான முக்கியம்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

நிர்வாக நலன் கருதி. எத்தனை நல்ல வாக்கியம். பத்து வருடத்தில் இந்த மூன்று சொல்லை வைத்து ஆட்களைத் தூக்கிக் கடல் ஓரத்தில் போட்டிருக்கிறார்கள், மலை உச்சியில் போட்டிருக்கிறார்கள், ஒருவரும் எந்த நிர்வாகம், என்ன நலன் என்று கேட்டதில்லை. எழுதினால் பதினாறு வருடம் இந்த நாற்காலி. எழுதாவிட்டால் என்ன ஆகும்? வேலை போகலாம், போகாமலும் போகலாம், பேப்பரில் பேர் வரும், மகள் கல்லூரியில் தோழிகள் போனைக் காட்டுவார்கள், இது உங்க அம்மாவா என்று. பயமாக இருக்கிறது. நான் நல்லவள் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், நல்லவள்தான், பால்காரருக்குச் சில்லறை பாக்கி வைத்ததில்லை, பஸ்சில் பெரியவர்களுக்கு எழுந்து இடம் கொடுப்பேன். சரி, முதலில் எழுப்பிப் பார்க்கலாம். சர்வர் எழுந்தால்தானே காரணம். பொத்தானை அழுத்தினேன். திரை கறுப்பு. ஐந்து நொடி. பத்து. அய்யா கையைத் தூக்கிக்கொண்டு நிற்கவில்லை, போட்டோக்காரர் இல்லை, கறுப்புத் திரையில் என் நெற்றிப்பொட்டு மட்டும் தெரிகிறது. இருபது. இவ்வளவுதானா. இந்த அவகாசத்தைக் கொடுக்க முடியாமல்தானா. முப்பது. முப்பத்தைந்து. ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம் இது. நாற்பத்தொன்பதாவது நொடியில் எழுந்தது.

பாரம் தாங்குகிறதா என்று பார்க்க முழுப் பட்டியலுக்கும் ஒரு சோதனைச் செய்தி அனுப்ப வேண்டும், பத்துப் பேருக்கு அனுப்பிப் பார்ப்பது ஏமாற்று வேலை. 'இது சோதனைச் செய்தி, அச்சம் வேண்டாம்' என்று அடித்து அனுப்பினேன். பதினோராயிரத்து நானூற்று இருபத்தாறு. எண்கள் திரையில் மடமடவென்று ஓடின, ஓரிடத்திலும் நிற்கவில்லை, ஆயிரம், மூவாயிரம், ஆறாயிரம். துரைசாமி சார் அறையில் மணி அடித்தது. தபால் பிரிவில் இரண்டு மணி. அப்புறம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒன்று. இறந்தவரின் எண்ணைப் பட்டியலிலிருந்து எடுக்க எங்களிடம் படிவம் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதுகு எழுந்தது. பாவாயி அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார், கையில் மஞ்சப்பை, பையிலிருந்து எடுத்த பழைய பட்டன் போன், முகம் வெளிறிக் கிடந்தது.

"தண்ணி உடறீங்ளா மேடம்?"

"இல்லீங்க அக்கா. சும்மா சோதனை. பயப்படாதீங்க."

"சோதனைங்ளா." போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சோதனைக்கு இத்தன சுருக்கா வருதுங்ளே."

நான் சொல்லிவிட்டேன். தைரியத்தில் சொன்னதாக நினைக்க ஆசைதான், ஆனால் அது தைரியம் இல்லை, வாயில் வைத்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். "அக்கா, அன்னைக்கு ஆறு பத்துக்குப் போகலைங்க. ஏழு ஒண்ணுக்குத்தான் உங்க வீட்டுக்காரருக்குப் போச்சு. டவர் தப்பு இல்லை, எங்க சர்வர் நின்னுருச்சு. நான் மாத்தி வெக்க வேண்டியது, வெக்கலை." அவர் அழுவார் என்று நினைத்தேன், என்னைத் திட்டுவார், கத்துவார், ஊரையே கூட்டுவார். கூடவே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் நிம்மதிப்படுவார் என்றும் நினைத்தேன், குடிகாரன் என்ற பேர் போயிற்றே, அதை நான்தானே துடைத்துக் கொடுத்தேன் என்று. அவர் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப அவரு பாத்தது நெசந்தானுங்" என்றார்.

"என்ன பாத்தாருங்க?"

"ஆத்துல எரைச்சல் வேற மாதரி கேக்குது, எறங்காதீங்கன்னு நாந்தானுங் சொன்னன். போனை எடுத்துப் பாத்தாரு. ரெண்டு வாட்டி பாத்தாரு. மெசேஜ் வர்ல புள்ள, அது வராம தண்ணி உடமாட்டாங்கன்னு சொல்லி, போனை ஊட்டுல வெச்சுப்போட்டுத்தானுங் எறங்குனாரு."

நோட்டை என் பக்கம் இழுத்தேன். காரணம் என்ற கட்டத்தில், ஐப்பசி பதினெட்டாம் தேதி செய்தி ஏழு ஒன்றுக்குப் போனதையும், ராக்கியப்பன் சொன்னதையும், அக்கா சொன்ன அதே சொற்களில் எழுதினேன். கட்டம் போதவில்லை. எழுத்து பக்கத்துக் கட்டத்துக்குள் ஏறிவிட்டது, மாற்றியவர் பெயர் எழுதுகிற கட்டம் அது, அங்கே மிச்சமிருந்த கொஞ்ச இடத்தில் என் பெயரை நெருக்கி எழுதினேன்.